அத்தியாயம் 5: தெருவில் நிற்பவரே கட்சி

2016 சட்டமன்றத் தேர்தலில் இராதாபுரம் தொகுதியின் முடிவை 49 ஓட்டுகள் தீர்மானித்தன. 2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281, தென்காசியில் 370. காட்பாடியில் பல தேர்தல்களை வென்ற துரைமுருகனே அந்த முறை 746 ஓட்டில்தான் கரையேறினார். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில், அப்போது மாநிலக் காங்கிரஸ் தலைவராக இருந்த சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

தமிழகத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஏறத்தாழ 300 வாக்குச்சாவடிகள் வரும். 49 ஓட்டை அதில் பிரித்துப் பாருங்கள்: ஆறு சாவடிக்கு ஒரு ஓட்டு. தியாகராய நகரின் 137 ஓட்டென்றால் இரண்டு சாவடிக்கு ஒன்று. மருமகள் பெயரைப் பட்டியலில் சேர்க்காமல் விட்ட ஒரு வீடு, திருப்பூரிலிருந்து ஓட்டுப் போட வராமல் போன ஓர் அண்ணன் தம்பி, நடக்க முடியாத தாத்தாவுக்குத் தபால் ஓட்டுப் படிவம் வாங்கித் தர ஆளில்லாத ஒரு தெரு. இவ்வளவு போதும், ஒரு சட்டமன்ற உறுப்பினர் மாறிவிடுவார்.

மாநாடும் தொலைக்காட்சி விவாதமும் தலைவரின் சுற்றுப்பயணமும் கட்சியைப் பற்றிப் பேச வைக்கும். அந்தப் பேச்சு ஓட்டாக மாறுகிற இடம் தெரு. நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும், கிளைச் செயலாளரோ பாக முகவரோ பூத் கமிட்டியில் நேற்றுச் சேர்ந்தவரோ, இந்த அத்தியாயம் உங்களுக்கானது.

முன்னோர் நடந்த வழி

1949இல் தொடங்கிய திராவிட முன்னேற்றக் கழகம் முதல் எட்டு ஆண்டுகள் தேர்தலில் நிற்கவில்லை. நிற்கலாமா வேண்டாமா என்பதை 1956 திருச்சி மாநாட்டில் வந்திருந்தவர்களிடமே வாக்கெடுத்து முடிவு செய்தது. 1957இல் 15 பேர் வென்றார்கள், 1962இல் 50 பேர். அந்த 1962 தேர்தலில் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றார். 1967இல் ஆட்சி வந்தது. விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர்.

அந்த வெற்றிக்கு அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம், கூட்டணி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தையெல்லாம் ஓட்டாகத் திரட்டியது பதினெட்டு ஆண்டுக் கிளை வேலை. ஊருக்கு ஊர் படிப்பகம் இருந்தது. முடிதிருத்தகத்திலும் டீக்கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்களும் கேட்டார்கள். எம்.ஜி.ஆர். 1972 அக்டோபரில் தொடங்கிய கட்சி அடுத்த மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் வென்றது. அவ்வளவு விரைவாக ஆள் எங்கிருந்து வந்தது? ஊர் ஊராக ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த ரசிகர் மன்றங்கள்தான் கிளைகளாயின. கம்யூனிஸ்ட் தோழர்கள் கடை வீதியில் உண்டியல் ஏந்துவதும் இதே வகை வேலை. பத்து ரூபாய் போட்ட கடைக்காரர் அந்த இயக்கம் என்ன செய்கிறது என்று பிறகு கவனித்துக்கொண்டே இருப்பார்.

அனுபவம் சொல்வதை ஆய்வும் சொல்கிறது. 1998இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு பேராசிரியர்கள் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். சிலரை வீடு தேடிப்போய்ச் சந்தித்தார்கள், சிலருக்குக் கடிதம் அனுப்பினார்கள், சிலரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். நேரில் சந்தித்தவர்களிடம் வாக்களிப்பு தெளிவாகக் கூடியது. கடிதத்தால் கொஞ்சம் கூடியது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்த தொலைபேசி அழைப்பால் பயன் தெரியவில்லை. தொலைபேசிக்குப் பதில் வாட்ஸ்அப் வந்துவிட்ட காலத்திலும் இதை மனதில் வையுங்கள். குழுவில் போடும் படம் நினைவூட்டும். வாசலில் நிற்கும் ஆள்தான் நம்பிக்கை தருவார்.

முதல் வேலை: பட்டியலை நடந்து படிப்பது

வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். ஒரு பாகத்துக்கு ஒரு சாவடி. ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்று தேர்தல் ஆணையம் இப்போது வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் பாகத்தின் பட்டியலைத் தரவிறக்கி, தாளில் அச்செடுத்து, தெருவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு பேனாவோடு நடங்கள்.

ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் நான்கு குறிகள் போதும்: இருக்கிறார், இடம் மாறிவிட்டார், இறந்துவிட்டார், வெளியூரில் வேலை. பட்டியலில் இல்லாமல் வீட்டில் இருப்பவர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். அந்தத் தனித்தாளுக்குத்தான் மதிப்பு அதிகம்.

புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இறந்தவர் பெயரை நீக்கவோ, ஆட்சேபணை சொல்லவோ படிவம் 7. முகவரி மாற்றத்துக்கும் பிழை திருத்தத்துக்கும் படிவம் 8. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் இருப்பதால், 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றி வந்தாலே பத்துப் பதினைந்து பெயர் கிடைக்கும்.

வாக்குச்சாவடி நிலை அலுவலர் யாரென்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். தம் வேலையோடு இதையும் இழுத்துப் பறித்துச் செய்கிறவர் அவர். அதிகாரம் காட்டாமல், சரிபார்த்த தகவலோடு போனால் உதவியாக நினைப்பார். பொய்யான தகவலில் கையெழுத்துப் போட்டால் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே நேரில் பார்க்காத எதையும் எழுதித் தராதீர்கள். எதிர்க்கட்சிக்காரர் என்பதற்காக ஒருவர் பெயர்மீது ஆட்சேபணை போடுவது அரசியல் வேலையே அல்ல. அது திருட்டு.

2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வெளியான தமிழக வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. அவர்களில் இறந்தவர் யார், குடிபெயர்ந்தவர் யார், தெருவிலேயே இருந்தும் பெயர் இழந்தவர் யார் என்பதைச் சென்னையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தெருவில் இருக்கும் உங்களால் முடியும்.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, உங்கள் பாகத்தில் 1,100 பெயர்கள். இறந்தவர், நிரந்தரமாகப் போய்விட்டவர் 60 பேரைக் கழித்தால் 1,040. 2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழகத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதே அளவு வைத்தால் 760 ஓட்டுகள் விழும். நான்கு முனைப் போட்டியில் 40 சதவீதம் வாங்கினால் முன்னிலை பெறலாம். அது 304 ஓட்டு.

இப்போது கிளைக் கூட்டத்தில் கேளுங்கள்: “நம்ம பாகத்துல 304 பேரைப் பேர் சொல்லி எழுத முடியுமா?” பெரும்பாலான கிளைகளில் நூறைத் தாண்டுவதற்குள் பேனா நின்றுவிடும். எழுத முடியாத அந்த 200 பேர்தான் உங்கள் ஓராண்டு வேலை. கமிட்டியில் பத்துப் பேர் இருந்தால் ஆளுக்கு 20 பேர். பக்கத்து வீட்டுக்காரரை, கூடப் படித்தவரை, சுய உதவிக் குழுவில் கூட இருப்பவரைப் பார்த்துப் பிரித்துக்கொடுங்கள். தமிழகத்தில் பெண் வாக்காளர்களே அதிகம். பத்துப் பேர் கமிட்டியில் பெண்கள் ஐந்து பேராவது இல்லையென்றால் பாதி வீடுகளின் உள்ளே உங்கள் குரல் போகாது.

இன்னொன்று. ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பாகத்தில் இருக்கும். சொந்தத் தெருவோடு நின்றுவிடும் கிளை, பாதிப் பாகத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும். கிளைக் கூட்டத்தில் அவர்களுக்குச் சமமான நாற்காலியும் வேண்டும். சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது தேர்தல் சட்டப்படி முறைகேடு. அதோடு, அப்படிக் கேட்ட ஓட்டு அடுத்த முறை இன்னொருவர் அதைவிட உரக்கக் கேட்டால் அங்கே போய்விடும்.

வாசலில் பேசுவது

நேரம் பார்த்துப் போங்கள். கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். மாலை ஆறுக்கு மேல்தான் சாவகாசம். பனியன் கம்பெனி ஊர்களில் ஞாயிறு காலை. இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. பத்துப் பேர் கொடியோடு போனால் வீட்டுக்காரர் தலையாட்டுவார், பேச மாட்டார்.

தேர்தலுக்கு ஓராண்டு முன்னால் ஒரு வாசலில் நடக்கும் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

“என்னப்பா, அதுக்குள்ள ஓட்டு கேக்க வந்துட்டியா?”

“இல்ல பெரியம்மா. லிஸ்டுல நம்ம வீட்டுப் பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன். மருமக பேரு இன்னும் அவங்க அம்மா ஊர்லயே கிடக்கு. படிவம் கொண்டாந்திருக்கேன், அவங்களே எழுதிக் குடுத்தா போதும்.”

“அது கெடக்கட்டும். இந்தக் குழாயில தண்ணி வந்து மூணு வாரமாச்சு. எவன்கிட்ட சொல்ல?”

“எந்தெந்த வீட்டுக்கு வரலன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். நாளைக்கு ஊராட்சி ஆபீஸ்ல மனு குடுத்துட்டு, வெள்ளிக்கிழமை வந்து என்ன ஆச்சுன்னு சொல்றேன்.”

இந்தப் பேச்சில் கட்சிப் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. வந்தவர் எந்தக் கட்சி என்று பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இங்கே முக்கியம் வெள்ளிக்கிழமை. தண்ணீர் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அன்று போயே ஆக வேண்டும். “மனு குடுத்திருக்கேன் பெரியம்மா, மோட்டார் ரிப்பேராம், அடுத்த வாரம் மறுபடி கேக்கிறேன்” என்று சொல்லப் போனால்கூட, சொன்னபடி வந்தவர் என்று அந்தத் தெரு பேசும். போகாவிட்டால் படிவம் கொண்டுபோனதும் வீண்.

எதிர்க்கட்சி ஆதரவாளர் வீடு என்றாலும் போங்கள். வாதம் செய்ய வேண்டாம். அவர் சொல்லும் குறையை எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். குறிப்பேட்டில் எழுதுவதை அந்த வீட்டுக்காரரே படித்தாலும் வருத்தப்படாதபடி எழுதுங்கள். ஆதார் அட்டையையோ வாக்காளர் அட்டையையோ படம் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். சுவரிலும் கதவிலும் குறி போடாதீர்கள்.

தேர்தல் இல்லாத நான்கரை ஆண்டுகள்

கிளையின் மரியாதை இந்த நாட்களில்தான் உருவாகிறது. முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர், பட்டா மாறுதலுக்கு அலைகிறவர், ரேஷன் அட்டையில் பெயர் சேராதவர் எல்லாத் தெருவிலும் உண்டு. மனு எழுதத் தெரிந்த ஒருவரும், இ-சேவை மையத்துக்குக் கூடப் போகிற ஒருவரும் கிளையில் இருந்தால் போதும். திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அங்கே அவரே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் கிளைக் கோப்பில் வையுங்கள்.

ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். அதற்கு முந்தைய வாரமே தெருவாரியாகக் கோரிக்கைகளைத் தொகுத்து, யார் எதைப் பேசுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரவு செலவு படிக்கும்போது கேள்வி கேளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பாருங்கள். உங்கள் கட்சி ஆளுங்கட்சி என்றாலும் கேளுங்கள். ஆளுங்கட்சிக் கிளை வாயை மூடிக்கொண்டால் குறைகள் மறைவதில்லை, அடுத்த கட்சியின் கிளையிடம் போகின்றன.

கேட்டதை மேலே சொல்வதும் கிளையின் கடமை. விலைவாசி, மதுக்கடை, கல்விக் கடன் பற்றித் தெரு என்ன பேசுகிறது என்று மாதம் ஒரு பக்கம் எழுதி ஒன்றியத்துக்கோ வட்டத்துக்கோ கொடுங்கள். இனிப்பானதை மட்டும் எழுதாதீர்கள். தலைமைக்குக் கசப்பான உண்மை கிளையிலிருந்து வராவிட்டால் வாக்கு எண்ணும் நாளில்தான் வரும்.

பணம் வந்து நிற்கும்போது

தமிழகத்தில் இதைப் பேசாமல் தேர்தல் வழிகாட்டி எழுத முடியாது. பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலே ரத்தானது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. உங்கள் கட்சியே கவரைக் கையில் திணித்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பணம் கொண்டுபோய்க் கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அந்தத் தெருவில் பட்டுவாடாக்காரர். நான்காண்டு மனு எழுதிச் சேர்த்த பெயர் ஒரு ராத்திரியில் போய்விடும். யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். எதிர்த்தரப்பு பணம் கொடுத்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படத்தோடு புகார் செய்யுங்கள். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்கவே அது இருக்கிறது. வாங்கியவரைத் திட்டாதீர்கள். “மனசுக்குப் பட்டபடி போடுங்க, யாருக்குப் போட்டீங்கன்னு எவனுக்கும் தெரியாது” என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். இரகசிய வாக்கெடுப்பு என்பதை நம்பும்படி ஒருவருக்குச் சொல்வதே பெரிய பிரச்சாரம்.

கடைசி நாட்களும் வாக்குப்பதிவும்

தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள், 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அந்தப் பட்டியல் உங்களிடம் முன்பே தயாராக இருக்கட்டும். வெளியூரில் இருப்பவர்களை இரண்டு வாரம் முன்பே கூப்பிடுங்கள், பஸ் டிக்கெட் கிடைக்கும் காலம் அது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்புத் தர வேண்டும் என்று சட்டம் இருப்பதையும் சொல்லுங்கள். வாக்காளரை ஏற்றிவர வேட்பாளர் தரப்பில் வண்டி அமர்த்துவது குற்றம். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வாக்குப்பதிவு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது பொதுக்கூட்டமும் ஊர்வலமும் நின்றுவிட வேண்டும். சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் எந்தப் பிரச்சாரமும் கூடாது.

உள்ளே உட்காரும் முகவர் அந்தப் பாகத்து முகங்களை அறிந்தவராக இருக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு தொடங்கும். குறைந்தது 50 ஓட்டுப் போட்டு, கணக்கைச் சரிபார்த்து, இயந்திரத்தில் பதிவானதை அழித்து, விவிபேட் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்து, முத்திரை வைப்பார்கள். தாமதமாகப் போகிற முகவர் இதையெல்லாம் பார்க்காமலே நாளைத் தொடங்குகிறார். சாப்பாட்டுக்கு மாற்று முகவர் இருக்கிறாரா என்று முந்தின இரவே உறுதி செய்யுங்கள். இறந்தவர், இடம் மாறியவர் பெயர்களைக் குறித்த உங்கள் பட்டியல் அவர் கையில் இருக்கட்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க அதுவே ஆயுதம்.

வெளியே இருப்பவர்கள் காலை 11, மதியம் 2, மாலை 4 என்று மூன்று முறை பட்டியலைப் பார்த்து, வராத வீடுகளுக்கு ஆள் அனுப்புங்கள். ஆறு மணிக்கு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் டோக்கன் கொடுத்து வாக்களிக்க விட வேண்டும். இதை வரிசையில் நிற்பவர்களிடம் சொல்லுங்கள். முடிந்ததும் படிவம் 17சி நகலை வாங்காமல் முகவர் வெளியே வரக் கூடாது. பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும். எண்ணும் நாளில் இயந்திரம் காட்டும் எண்ணோடு ஒப்பிட அதுதான் சான்று.

முடிவு வந்த பிறகு

தேர்தல் முடிந்த பின் படிவம் 20 வெளியாகும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது அதில் இருக்கும். வென்றாலும் தோற்றாலும் கிளையைக் கூட்டி, உங்கள் கணக்கையும் அந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 304 பேர் என்று எழுதி 210 வந்திருந்தால் எந்தத் தெரு கைவிட்டது, ஏன் என்று பேசுங்கள். ஒருவர்மேல் ஒருவர் பழி போடாமல் எழுதி வையுங்கள். பிறகு ஓட்டுப் போட்டவர், போடாதவர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரு சுற்று நன்றி சொல்லப் போங்கள். தோற்ற கட்சி நன்றி சொல்ல வந்தால் தெரு அதை மறக்காது.

இந்த வேலைக்குப் பதவியும் மாலையும் பெரும்பாலும் கிடைக்காது. மேடையில் இடம் வேறொருவருக்குப் போகலாம். ஆனால் மக்களாட்சி என்ற பெரிய சொல், ஒரு முதியவளின் உதவித்தொகையாகவும், பதினெட்டு வயதுப் பெண்ணின் முதல் ஓட்டாகவும் உருவெடுப்பது உங்கள் கையில்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்கள் பாகத்தின் பட்டியலை அச்செடுத்து, ஒரு தெருவை மட்டும் நடந்து முடியுங்கள். அடுத்த அத்தியாயத்தை அதற்குப் பிறகு படிக்கலாம்.